மின் ஸ்கூட்டரின் அளவுகளை ஓட்டுகிறவர் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் ஸ்கூட்டர் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை. புதிய மாடல் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது ஒன்று. எங்கோ ஒரு வண்டி தீப்பிடித்தது என்பது இன்னொன்று. காலையில் வேலைக்குக் கிளம்பவும் மாலையில் வீடு திரும்பவும் அந்த வண்டியையே நம்பியிருப்பவருக்கு வேண்டிய தகவல் இந்த இரண்டிலும் இல்லை. இன்ஜின் இல்லை, ஆயில் இல்லை, அதனால் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார். ஆனால் பழுதுக்கு வரும் வண்டியைப் பிரித்துப் பார்த்தால், மோட்டாரோ பேட்டரி செல்லோ தானாகக் கெட்டுப்போனது அபூர்வம். தளர்ந்த கனெக்டர், தண்ணீர் புகுந்த சுவிட்ச், காற்று இறங்கிய டயர், பொருந்தாத சார்ஜர் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் பலவற்றை வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்களைத்தான் யாரும் ஓட்டுகிறவர் கையில் கொடுப்பதில்லை.

வாங்கும்போதே போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. விளம்பரத்தில் வரும் தூரம், வகுத்துவைத்த வேகத்தில், வகுத்துவைத்த எடையுடன் சோதித்துக் கிடைத்தது. சாலையில் 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 35 வாட்-மணி மின்சாரம் எடுக்கும். 30 என்று வைத்துக்கொள்வோம். போக 20, வர 20 என்று ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 1,200 வாட்-மணி வேண்டும். பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதால் அதில் 80 சதவீதம்தான் நம் பயன்பாட்டுக்கு. சில ஆண்டுகளில் பேட்டரியின் கொள்ளளவே பழைய அளவில் 80 சதவீதமாகக் குறையும். ஆகவே 1,200-ஐ 0.8-ஆல் வகுத்து, வந்த விடையை மறுபடி 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 1,875. கிட்டத்தட்ட 1.9 கிலோவாட்-மணி. இதைவிடச் சிறிய பேட்டரி முதல் வருடம் தாராளமாகத் தெரியும். பிறகு வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நிற்கும்.

வேகமும் இந்தக் கணக்கைக் கலைக்கும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40-இல் போனவர் 60-இல் போனால் அந்த விசை இரண்டேகால் மடங்கு ஆகிறது. பின்னால் ஒருவர் உட்காருவது, மேட்டுச் சாலை, எதிர்க்காற்று, குளிர் ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தூரத்தைக் குறைக்கும். ரேஞ்ச் குறைந்துவிட்டது என்று பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இவற்றையும் டயர் காற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது சார்ஜர். எல்லாவற்றிலும் அதிகக் கவலை தருவது இதுதான். "48 வோல்ட் பேட்டரி" என்று சொல்வதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும். 13 செல் வரிசையில் இருந்தால் 54.6 வோல்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. வகைச் செல் முழு சார்ஜில் 3.65 வோல்ட், அதில் 16 செல் வரிசை, ஆகவே 58.4 வோல்ட். இரண்டையும் கடையில் 48 வோல்ட் என்றுதான் சொல்வார்கள். நான்கு ஈய-அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலும் அதே 48 தான். அதன் சார்ஜரும் 58 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும். மூன்று சார்ஜருக்கும் ஒரே வடிவக் கனெக்டர் இருப்பது சகஜம்.

எல்.எஃப்.பி. சார்ஜரை என்.எம்.சி. பேட்டரியில் செருகினால் என்ன ஆகும்? 58.4-ஐ 13-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 4.49 வோல்ட். 4.2-இல் நிற்க வேண்டிய செல் அது. அந்த நேரத்தில் செல்லுக்கும் விபத்துக்கும் நடுவே நிற்பது, பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை மட்டுமே. அது சரியாக வேலை செய்தால் சார்ஜைத் துண்டித்துவிடும். அதில் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சான ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் துண்டிக்காது. ஆகவே சார்ஜர் தொலைந்துபோனால் கனெக்டர் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். பழைய சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வெளியீட்டு வோல்ட் தசம புள்ளியோடு அச்சாகியிருக்கும்: 54.6, 58.4, 67.2, 73, 84, 87.6 என்று. அந்த எண்ணை இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் சற்றுக் குறைந்த சார்ஜர் மெதுவாக ஏற்றும், அதனால் கெடுதல் இல்லை. வோல்ட் மட்டும் மாறவே கூடாது.

எப்போது, எவ்வளவு சார்ஜ் செய்வது என்பதிலும் இரண்டு வகை செல்லுக்கும் ஒரே பதில் இல்லை. என்.எம்.சி. செல், முழு சார்ஜில், அதுவும் வெப்பத்தில் நெடுநேரம் நின்றால் சீக்கிரம் முதுமையடையும். அன்றாட ஓட்டத்துக்கு 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொண்டு, தூரப் பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100 ஏற்றினால் போதும். முழுதாக ஏற்றியே தீர வேண்டியவர்கள், கிளம்புவதற்குச் சற்று முன் சார்ஜ் முடியும்படி நேரத்தைத் தள்ளிவைக்கலாம். எல்.எஃப்.பி. செல்லின் குணம் வேறு. 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை அதன் வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். வோல்ட்டை வைத்து எவ்வளவு மீதி என்று வண்டியால் கணிக்க முடியாது. வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றினால்தான் மீட்டர் காட்டும் சதவீதம் நம்பும்படி இருக்கும். இல்லாவிட்டால் 25 சதவீதம் காட்டிக்கொண்டே வண்டி நிற்கும்.

முழு சார்ஜுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வரிசையில் இருக்கும் செல்கள் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு காட்டும். பல பி.எம்.எஸ். பலகைகள் சார்ஜ் முடியும் கட்டத்தில்தான் இதைச் சரிசெய்கின்றன: நிரம்பிய செல்லிலிருந்து ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை வடித்துவிடும். அந்த வடிகால் மிகச் சிறியது, 50 மில்லிஆம்பியர் போல. ஒரு செல் மற்றவற்றைவிட ஒரு ஆம்பியர்-மணி முந்தியிருந்தால் அதைச் சமன் செய்ய 20 மணி நேரம் வேண்டும். அதனால்தான், பல மாதம் 70 சதவீதத்திலேயே பிளக்கைப் பிடுங்கிவந்தவருக்கு, ஒரே ஒரு முழு சார்ஜ் போட்டால் குணம் தெரிவதில்லை. என்.எம்.சி. வண்டிக்கும் மாதம் ஒன்றிரண்டு முறை 100 வரை ஏற்றி, பச்சை விளக்கு எரிந்த பிறகும் சார்ஜரைச் சில மணி நேரம் விட்டுவைப்பது இதற்காகத்தான்.

ஓட்டி வந்த சூட்டோடு உடனே பிளக்கைச் செருக வேண்டாம். அரை மணியோ முக்கால் மணியோ ஆறவிடுங்கள். செல்லின் வெப்பம் 45 டிகிரிக்கு மேல் இருந்தாலும் பூஜ்ஜியத்துக்குக் கீழ் இருந்தாலும் சார்ஜ் செய்வது கேடு. உறைநிலைக்குக் கீழ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே செல்லுக்குள் படியும், அது திரும்பக் கரையாமல் தங்கினால் உள்ளே ஷார்ட் ஆக வழி செய்யும். வண்டியைச் சில வாரம் ஓட்டாமல் வைப்பதானால் 40 முதல் 60 சதவீதத்தில் வைத்து, பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.-யை இறக்கிவிட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். 5 சதவீதத்தில் விட்டுப்போன வண்டியில், அணைத்திருந்தாலும் கடிகாரமும் பி.எம்.எஸ்.-உம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். செல் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட பேட்டரியை பி.எம்.எஸ். ஏற்க மறுப்பது சரியானதே. அதைச் சுற்றிவளைத்து நேராகச் செல்லில் மின்சாரம் ஏற்றி "உயிர் கொடுக்கும்" மெக்கானிக்கிடம் தயவுசெய்து பேட்டரியைக் கொடுக்காதீர்கள். அது ஓடும்; சில வாரம் கழித்து சார்ஜ் ஏறும்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஈய-அமில பேட்டரி வைத்த வண்டிகளுக்கு விதி நேர் எதிர். அரைகுறையாக நிறுத்தினால் தகட்டில் சல்பேட் கட்டியாகப் படியும். ஆகவே எவ்வளவு குறைந்த தூரம் ஓடினாலும் அன்றே முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்துச் சில மணி நேரம் கழித்து ஒவ்வொரு பேட்டரியும் 12.7 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். வண்டி ஓடும் சுமையில் மற்றவை 12-இல் இருக்க ஒன்று மட்டும் 10.5-க்குக் கீழே போனால், பழுது அந்த ஒன்றில்தான். ஆனால் புதிதாக ஒன்றை மட்டும் போட்டால் பழையவை அதையும் இழுத்துவிடும்.

பவர் கனெக்டரை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பேட்டரியிலிருந்து, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் கன்ட்ரோலருக்குப் போகும் தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்கள் சேரும் இடம். நல்ல நிலையில் பிளாஸ்டிக் முழுதும் ஒரே நிறம். பின் பளபளப்பாக இருக்கும். இரண்டு பாதியையும் பிரிக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். கெடத் தொடங்கியதில், பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் முதலில் தேன் நிறத்துக்கு மாறும், பிறகு பழுப்பு, பிறகு விளிம்பு உருகி வட்டம் கோணலாகும். பின் மேல் சாம்பல் பூத்த மாதிரி மங்கல். இழுத்தால் சுலபமாக வந்துவிடும். பின்னில் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டால்கூடப் போதும்: 30 ஆம்பியர் ஓடும்போது 30-ஐ 30-ஆல் பெருக்கி 0.05-ஆல் பெருக்குங்கள், 45 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் அளவு வெப்பம் சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டருக்குள். உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் செருகுவது வைத்தியம் ஆகாது. பின்னின் முலாம் போய், அடுத்த மாதம் இன்னும் மோசமாகும். கனெக்டர் ஜோடியையே, அதே ஆம்பியர் தகுதியில், சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்தி மாற்ற வேண்டும். சார்ஜர் பிளக்குக்கும் இதே சோதனைதான்: சார்ஜ் தொடங்கி அரை மணி கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. தொட்டுக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட்டை அன்றே கைவிட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும், எர்த் இல்லாத பாயின்ட்டும் கூடவே கூடாது.

வழியில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. மீட்டர் எரிகிறது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் அசைவு இல்லை என்றால் முதலில் பின்னால் போய் பிரேக் லைட்டைப் பாருங்கள். பிரேக்கைப் பிடிக்காமலே அது எரிந்துகொண்டிருந்தால், லீவருக்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் சிக்கியிருக்கிறது. பிரேக் பிடித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் தர மறுக்கிறது. லீவரைப் பலமுறை அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும், பிறகு சுவிட்சை மாற்றிக்கொள்ளலாம். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு ஏறியிருந்தாலும் இதே அறிகுறி. மீட்டரே எரியவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் எம்.சி.பி., அடுத்து ஃபியூஸ். ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் மூன்றும் சேர்ந்து போய், பேட்டரி மட்டும் முழுதாக இருந்தால், பெரிய வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் டி.சி. கன்வெர்ட்டர் போயிருக்கும்; அதன் வெளியீட்டில் 12 முதல் 14 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். தனியாகச் சிறிய 12 வோல்ட் பேட்டரி வைத்த மாடல்களில், அந்தச் சிறிய பேட்டரி இறங்கினாலே முழு வண்டியும் விழிக்காது. பெரிய பேட்டரியை மாற்றச் சொன்னால் இதைக் கேளுங்கள்.

ஆக்சிலேட்டரில் மூன்று ஒயர்: 5 வோல்ட், தரை, சிக்னல். கை வைக்காதபோது சிக்னலில் 0.8 முதல் 1 வோல்ட்டும், முழுதாக முறுக்கினால் சுமார் 3.5 முதல் 4.2 வோல்ட்டும் வரும் மாடல்களே அதிகம். மழையில் நனைந்த பிறகு கை வைக்காமலே 1.3, 1.4 காட்டினால் உள்ளே ஈரம். சாவி போட்டவுடன் பிழை காட்டி வண்டி முடங்கும். காயவைத்தால் வேலை செய்யும், ஆனால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது சக்கரம் உதறி, கொரகொரவென்று சத்தமிட்டு, ஒரு தள்ளு தள்ளினால் சரியாகப் போகிறதா? சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாராக இருந்தால், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் ஐந்து மெல்லிய ஒயர்களில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். சாவியைப் போட்டு, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடி மஞ்சள், பச்சை, நீல ஒயர்களை ஒவ்வொன்றாகக் கறுப்போடு அளந்தால், பூஜ்ஜியத்துக்கும் 5-க்கும் இடையே மாறி மாறி வரும். எந்த ஒயர் ஒரே இடத்தில் நிற்கிறதோ பழுது அங்கே. பாதி வேளை சென்சர் நன்றாகவே இருக்கும். கன்ட்ரோலர் பக்கத்துக் கனெக்டரில் ஒரு பின் பின்வாங்கியிருக்கும். அதைப் பார்க்காமல் மோட்டாரைப் பிரிக்க விடாதீர்கள்.

வண்டியைத் தள்ளவே முடியாமல் பின்சக்கரம் இறுகிக்கொண்டால் அடுத்த சோதனை. சாவியை எடுத்து, எம்.சி.பி.-யை இறக்கி, பேட்டரியைக் கழற்றிய பிறகு, மோட்டாரின் மூன்று தடித்த ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். இப்போது சக்கரம் சுலபமாகச் சுற்றினால் மோட்டார் நலம். கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட் ஷார்ட். பிரித்த பிறகும் விட்டு விட்டு இறுகினால் மோட்டார் சுருளிலோ அதன் ஒயரிலோ ஷார்ட். பிரேக் ஒட்டியிருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. கன்ட்ரோலர், மோட்டார் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் வண்டிகளில் ஒன்று நன்றாக இருப்பதை இது காட்டிவிடும். கவனம்: 72 வோல்ட் என்று சொல்லும் 20 செல் பேட்டரி முழு சார்ஜில் 84 வோல்ட், 60 வோல்ட்டைத் தாண்டிய டி.சி. மின்சாரம் உடலுக்கு ஆபத்து. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய பிறகே கை வையுங்கள். பேட்டரிப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம்.

பின்டயர் பஞ்சர் என்பது ஹப் மோட்டார் வண்டியில் சின்ன வேலை இல்லை. சக்கரத்தைக் கழற்றும்போது மோட்டார் கேபிள் இழுபடும். திரும்பப் பூட்டும்போது மூன்றைக் கவனித்து நில்லுங்கள். ஒன்று, அச்சு திரும்பாமல் தடுக்கும் நாக்கு வைத்த வாஷர். அதன் நாக்கு சட்டத்தின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். அதை விட்டுவிட்டால் ஒருநாள் மேட்டில் முறுக்கும்போது அச்சே சுழன்று கேபிளை அறுத்துவிடும். இரண்டு, அச்சு நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்குவது. மூன்றாவது, கேபிள் போகும் பாதை. அச்சிலிருந்து வெளிவரும் கேபிள் முதலில் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியே வழியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக மேலே இழுத்துக் கட்டினால் தண்ணீர் அச்சுத் துளைக்குள் போகும்.

டயர் காற்று வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில். முன்னால் 22 முதல் 26, பின்னால் 29 முதல் 36 பி.எஸ்.ஐ. என்ற அளவில் மாடலுக்கு மாடல் மாறும். வண்டியில் ஒட்டிய லேபிளே முடிவு. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் பின்சக்கரம் கனம். காற்றுக் குறைந்து பள்ளத்தில் விழுந்தால் ரிம் நெளியும்.

பிரேக்கில் பலர் எதிர்பாராத ஒன்று. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும் அல்லவா, அந்த மின்பிடிப்பு பேட்டரி முழுதாக இருக்கும்போது வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகவே செய்யும். மின்சாரம் போய்ச் சேர இடம் இல்லை. முந்தின நாள் பழகிய இடத்தில் காலையில் பிடிப்பு வராது. 100 சதவீதத்தில் கிளம்பும் நாளில் முதல் சில கிலோமீட்டருக்குக் கை பிரேக் லீவரிலேயே இருக்கட்டும். மின்பிடிப்பு பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால் டிஸ்க் பேட் தேய்வது குறைவு. ஆனால் அதனாலேயே, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து ஒரு பக்கமே அழுத்தும். பேட் நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஐபி67 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தண்ணீருக்குள் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணின் பொருள், புதிய பொருளை ஒரு மீட்டர் ஆழத்து நல்ல தண்ணீரில் 30 நிமிடம் அசையாமல் வைத்தபோது கேடு வரும் அளவுக்கு உள்ளே நீர் புகவில்லை என்பது. சேற்று நீருக்கும், பழைய ரப்பர் சீலுக்கும், பிரஷர் வாஷருக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஓடிச் சூடான மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, கேபிள் நுழையும் வழியே தண்ணீரை உறிஞ்சும். அச்சு மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் சாலையில் இறங்க வேண்டாம். இறங்கிவிட்டால் சில வாரத்தில் ஆக்சிலேட்டரை விட்டு உருளும்போதும் கேட்கும் உரசல் சத்தம் பேரிங்கினுடையது. இரு பக்கமும் ரப்பர் மூடிய பேரிங்காகக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. மாடிப்படிக்கு அடியிலும், வெளியேறும் ஒரே வாசலிலும் சார்ஜ் செய்யக் கூடாது. பெட்டி உப்பியிருந்தால், இனிப்பான கரைப்பான் வாடை வந்தால், கீழே விழுந்து அடிபட்டிருந்தால், வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அந்தப் பேட்டரியைச் செருகாமல் வெட்ட வெளியில் தள்ளி வையுங்கள். பொடி தெளிக்கும் தீயணைப்பான் சுடரை அடக்கும். செல்லுக்குள் ஏறும் சூட்டை அடக்காது. சூட்டைத் தணிப்பது நிறையத் தண்ணீர்தான், அது தீயணைப்புத் துறையின் வேலை. புகை கிளம்பியதும் ஆட்கள் வெளியேறிவிட வேண்டும்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம், மேலே சொன்ன எண்களில் பலவற்றைப் பெரும்பாலான உரிமையாளர் கையேடுகளில் காண முடியாது என்பதே. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் வகையும் வோல்ட்டும் வணிக ரகசியம் ஆகிற விஷயங்கள் அல்ல. தயாரிப்பாளர்கள் கையேட்டில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கட்டும்: செல் எந்த வகை, வரிசையில் எத்தனை, முழு சார்ஜ் வோல்ட், பேட்டரி எத்தனை வாட்-மணி, ஆக்சிலேட்டரின் இரு முனை வோல்ட், ஹால் ஒயர் நிறங்கள், அச்சு நட்டின் இறுக்கம், எந்த எம்.சி.பி. எங்கே. தங்கள் நாளிதழும் புதிய வண்டிகளைப் பற்றி எழுதும்போது உச்ச வேகத்துக்குப் பதில் இந்த எண்களைக் கேட்டு அச்சிட்டால், கொடுக்காமல் இருக்கும் தயாரிப்பாளர் யார் என்பது வாசகருக்கே தெரியும்.

சர்வீஸ் நிலையங்களிடமும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு சர்வீஸிலும் கணினியை பி.எம்.எஸ்.-உடன் இணைத்து எல்லா செல்லின் வோல்ட்டையும் பார்க்கிறீர்கள். என்.எம்.சி. பேட்டரியில் மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எல்.எஃப்.பி.-யில் சார்ஜ் முடியும் தறுவாயில் இது இயல்பாகவே கூடித் தெரியும் என்பதால், எந்தச் சதவீதத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வோல்ட்டையும், அளந்தபோது இருந்த சதவீதத்தையும், போன சர்வீஸில் வந்த எண்களுக்குப் பக்கத்தில் ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். பேட்டரிக்கு உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஒரு செல் தளர்கிறதா என்பதை உரிமையாளர் தானே பார்த்துக் கேட்க அந்த ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
மின் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்